ஜெனில்சனுக்கு நான் சொன்ன சொல்

மஞ்சள் பனியன் போட்டிருக்கிய. பிரேசிலாக்கும். போடுங்க தம்பி, நான் ஒண்ணும் குத்தம் சொல்லல்ல. எங்க கடக்கரையில பாதிப் பயலுவ அதத்தான் போட்டுக்கிட்டு அலையுதானுவ. ஆனா ஒரு பிரேசில்காரனப் பக்கத்துல இருத்தி மூணு சீசன் வண்டி ஓட்டுனவன் நான். அவனுவளுக்க நன்றி எம்புட்டுன்னு எனக்குத் தெரியும்.

நல்லா சாஞ்சு உக்காருங்க. இந்த ரோட்டுல பஸ்ஸு ஊர்ந்துதான் போவும். பேச்சுத் தொணைக்கு ஆளு கெடச்சது நல்லதாப் போச்சு.

எனக்க பேரு ததேயு. தூத்தூருக்குப் பக்கம். வளைகுடாவுல ஒரு பந்தாட்டக் கிளப்புல வேல பாத்தேன். கிளப்புக்க பேரச் சொல்லமாட்டேன், எனக்க மச்சினன் இப்பளும் அங்க புல்லுக்குத் தண்ணி விடுதான், அவனுக்க சோத்துல மண்ணு விழப்படாது. நான் போனது டிரைவராட்டாக்கும். அப்பம் இருந்த கோச்சு ஒரு வயசான பிரேசில்காரரு. பொண்டாட்டி, மோளு, பேத்தின்னு குடும்பத்தோட வந்திருந்தாரு. அவருக்க வீட்டு வண்டி எனக்க கையில. கடைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கோயிலுக்கு, எல்லாத்துக்கும் நான்தான். அந்தப் பிள்ள பின்னால உக்காந்து சளசளன்னு பேசும். கேட்டுக் கேட்டு போர்ச்சுகீசு எனக்க நாக்குல ஏறிட்டு. நாம சன்னலு, மேசை, சாவின்னு சொல்லுதோமே, அதெல்லாம் அவங்களுக்க வார்த்ததானாம். அது தெரிஞ்ச பொறவு எளுப்பமாப் போச்சு. அரபி ஏற்கெனவே தெரியும். சவூதியில கொஞ்ச காலம் தண்ணி லாரி ஓட்டுனேன்லா.

அந்தக் கோச்சு போனாரு, ஒரு துனிசியாக்காரர் வந்தாரு. அவருக்கு அரபியும் பிரெஞ்சும்தான். அதே சமயத்துல ஜெனில்சன் வந்தான். இருவத்திரெண்டு வயசு இருக்கும். கறுத்து, மெலிஞ்சு, கழுத்துச் சங்கிலியில ஒரு மாதா சுருபம். கோல் அடிக்கதுக்குக் கூட்டிட்டு வந்த ஆளு. கோச்சு பேசுதது அவனுக்கு வெளங்காது, அவன் பேசுதது கோச்சுக்கு வெளங்காது. மேனேஜர் அபூ ராஷித் என்னக் கூப்பிட்டு, "ததேயு, உனக்குத்தான் ரெண்டும் தெரியுமே. இனி நீ அவன் கூடவே இரு"ன்னாரு.

அன்னைக்கே கிளப்பு கோட்டு தந்தாங்க தம்பி. நெஞ்சுல பருந்து படம் போட்டது. மேச்சு நடக்கும்போ நான் பெஞ்சுல உக்காருவேன், கோச்சுக்கு ரெண்டு ஆளு தள்ளி. நம்ம ஊருக்காரன் எத்தன பேரு அந்த ஊர்ல கெடக்கான், கொத்து வேல, குழாய் வேலன்னு. கேலரியில உக்காந்து என்னப் பாத்து கைய வீசுவானுவ. நான் பாக்காத மாதிரி இருப்பேன். பெஞ்சுல இருக்கவன் கேலரியப் பாக்கப்படாது.

இந்த மொழிபெயர்ப்பு வேலய எல்லாரும் லேசா நெனைக்காங்க. ஒருத்தன் சொன்னத ஒண்ணு விடாம இன்னொருத்தன்கிட்ட ஒப்பிக்கதுக்கு நான் என்ன டேப் ரிக்கார்டரா? அந்தத் துனிசியாக்காரருக்கு வாயத் தொறந்தா கெட்ட வார்த்த. ஜெனில்சன் பந்த எடுத்துட்டு கொஞ்சம் கூடுதலா ஓடிட்டாம்னா போதும், "கழுத, பந்துக்கு முத்தமா குடுக்க, வேற ஆளு இருக்கது உனக்குக் கண்ணு தெரியல்லியா"ன்னு காட்டுக் கத்து கத்துவாரு. நான் ஜெனில்சன்கிட்ட போய், "நல்லா ஆடுதன்னு சொல்லுதாரு, பந்த மட்டும் கொஞ்சம் வெரசா விடச் சொல்லுதாரு" அப்படிம்பேன். அவன், "இந்த ஆளு எப்பமாவது காலுல செருப்பில்லாம பந்து ஆடியிருக்கானான்னு கேளு"ம்பான். நான் கோச்சுகிட்ட, "சரி கோச், இனி கவனமா ஆடுதேன்னு சொல்லுதான்" அப்படிம்பேன். கோச்சு அவனுக்க தோளுல தட்டுவாரு. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டுப் போவாங்க.

ரெண்டு சீசன், ஒரு சண்ட கெடையாது. அதுக்கு முந்தி அந்தக் கிளப்புல அப்படி ஒரு அமைதி இருந்ததில்ல. ஆருனால? சொல்லுங்க.

அவனும் எனக்கு நல்லாத்தான் இருந்தான், இல்லன்னு சொல்லப்படாது. அவனுக்க ஊரும் கடக்கரைதான். பிரேசிலுக்க வடக்க, எங்க ஊரு பயலுவ கேட்டா நம்பமாட்டானுவ, நம்ம கட்டுமரம் மாதிரியே ஒண்ணுல பாயக் கட்டி அவனுக்க அப்பன் மீனுக்குப் போறாரு. போன்ல படம் காட்டுனான். நான் எங்க ஊரு மரத்துக்க படத்தக் காட்டுனேன். அவன் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு எனக்க தோளுல சாஞ்சுட்டான். அங்க மரச்சீனிக் கிழங்குதான் சோறாம். வெள்ளிக்கிழம தோறும் எனக்க ரூமுக்கு வந்துருவான். மரச்சீனி அவிச்சு சாள மீன் கறி வைப்பேன். கையால அள்ளித் தின்னுட்டு, மொளவு காந்தி கண்ணுல தண்ணி வர, "தீயோ, இன்னும் போடு"ம்பான். தீயோன்னா மாமா. பெத்த மோனுக்குக்கூட நான் அப்படிப் பொங்கிப் போட்டதில்ல.

கோலும் அடிச்சான். ஊரே அவனுக்க பேரச் சொல்லிச்சு. பேக்கரியில அவனுக்க படத்த ஒட்டி வச்சானுவ. கல்யாணம் கழிஞ்சு ஒரு பெண்குட்டி, அது ஊர்ல பெறந்து அவன் இன்னும் கையில எடுக்கல்ல. மூணாவது சீசன் பாதியில ஒரு நாளு வண்டியில போவும்போ சொன்னான். "தீயோ, எங்க மாநிலத்துப் பெரிய கிளப்புல இருந்து கூப்பிட்டிருக்கான். சின்னப் பிள்ளையில அந்தக் கிளப்பு மதிலு ஏறிக் குதிச்சு மேச்சு பாத்தவன் நான். இந்த சீசன் முடிஞ்சதும் போயிருவேன். அப்பா கேலரியில உக்காந்து பாக்கணும். ஆருட்டயும் சொல்லிராத"ன்னான். சந்தோசம்னேன். உள்ளபடியே சந்தோசம்தான்.

வாரத்துல ஒருக்கா அபூ ராஷித் என்ன டீ குடிக்கக் கூப்பிடுவாரு. மேனேஜருக்க ரூம்ல, அவருக்க எதிர்ல, அதே மாதிரி கிளாசுல. "உன் பையன் எப்படி இருக்கான், என்ன சொல்லுதான்"னு கேப்பாரு. நான் உள்ளதச் சொல்லுவேன். ஊருக்குப் போவப் போறான்னும் சொன்னேன். இது கோளு சொல்லுதது இல்ல தம்பி. எனக்குச் சோறு போடுத ஆளு கேக்காரு, நான் எப்படி மறைக்க? பின்ன, எப்பமும் தெரியத்தானே போவுது.

அந்த வருசம் எங்க கிளப்பு கப்புக்க பைனலுக்கு வந்துட்டு. அவனுவ தாத்தா காலத்துலகூட வந்ததில்லியாம். ஊருல கொடி கட்டுதான், ஆட்டு எறச்சி பங்கு வைக்கான், ஒரே கொண்டாட்டம். அதுக்கு ரெண்டு நாளு முந்தி பிராக்டீசுல ஜெனில்சனுக்க வலது கால் முட்டு பெரண்டுட்டு. நடக்கான், ஆனா நொண்டுதான். முட்டு பனங்கா மாதிரி வீங்கிட்டு.

கிளப்பு டாக்டர் எகிப்துக்காரரு, ஹாஜெம்னு பேரு. நல்ல மனுசன், கொஞ்சம் வெப்ராளம், எதுக்கும் பதறுவாரு. பெரிய ஆசுவத்திரிக்குக் கூட்டிப்போய் படம் எடுத்துட்டு வந்து, மேச்சு அன்னைக்கு மத்தியானம் ட்ரீட்மென்ட் ரூம்ல எங்க ரெண்டு பேரையும் இருத்தி வச்சு சொன்னாரு. "உள்ள ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்கு. ஓய்வு எடுத்தா கூடிக்கிடும், அடுத்த சீசன் ஆடலாம். ஊசி போட்டு மரக்க வச்சு மேச்சுல எறங்குனா முழுசா அத்துப் போவும். அப்படிப் போச்சுன்னா பொறவு பந்து ஆட்டம் இல்ல. ஊசி போடச் சொல்லி மேலேயிருந்து நெருக்குதாங்க. அவன் சம்மதிக்காம நான் போடமாட்டேன். இத அவன்கிட்ட தெளிவாச் சொல்லி, அவன் என்ன சொல்லுதான்னு கேட்டுச் சொல்லு"ன்னாரு.

டாக்டருக்கு அப்பம் போன் வந்து, அவரு வராந்தாக் கடைசிக்குப் போனாரு. நானும் தண்ணி எடுக்க வெளிய வாறேன், அங்க அபூ ராஷித் நிக்காரு. எனக்க கையப் பிடிச்சாரு தம்பி. அரபிக்காரன், அம்புட்டுப் பெரிய குடும்பம், டிரைவருக்க கையப் பிடிச்சு, "ததேயு, ஷேக் வாறாரு, ஊரே வருது. நாளு முழுக்க நான் சொன்னாலும் அவன் கேக்கமாட்டான். நீ சொன்னா கேப்பான்"ன்னாரு. பொறவு சத்தத்தக் கொறச்சு, "எப்படியும் அடுத்த சீசன் அவன் நம்ம ஆளு இல்லல்லா"ன்னாரு. அது அவரு கணக்கு.

உள்ள போனேன். ஜெனில்சன் கட்டில்ல உக்காந்து மாதா சுருபத்தப் பிடிச்சுக்கிட்டு என்னையே பாக்கான். "என்ன சொன்னாரு தீயோ? இம்புட்டு நேரம் பேசினாரே"ன்னான்.

"ஜவ்வுல கொஞ்சம் வீக்கமாம். ஊசி போட்டா எறங்கலாம். வலிக்கும், பொறுத்துக்கிடணும்னு சொல்லுதாரு"ன்னேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நீ என்ன சொல்லுத?"

"உனக்க இஷ்டம் மக்கா. ஆனா பைனலு"ன்னேன்.

அவன் கொஞ்ச நேரம் முட்டத் தடவிக்கிட்டே இருந்தான். பொறவு சரின்னு தலையாட்டுனான். டாக்டர் வந்து, "எல்லாம் சொன்னியா? அவனுக்கு வெளங்கிச்சா?"ன்னு கேட்டாரு. வெளங்கிச்சு, ஆடுதேங்கான்னு சொன்னேன். அவரு ஜெனில்சன ஒரு மாதிரி பாத்தாரு. பாத்துட்டு ஊசிய எடுத்தாரு.

இங்க பாருங்க, நான் ஒரு வார்த்த பொய் சொன்னேனா? வீக்கம் இருந்து. ஊசி போட்டா எறங்கலாம், எறங்குனானே. வலிக்கும்னும் சொன்னேன். மிச்சத்தச் சொல்லி அவனப் பயப்படுத்துனா, பயந்துக்கிட்டு ஆடுதவனுக்குத்தான் அடிபடும். இது பந்து பாக்குத எல்லாருக்கும் தெரியும். அதுவும் போவட்டு, ஆடணும்னு அவனுக்க மொவத்துல எழுதி ஒட்டியிருந்து. அவனுக்க மனசுல கெடந்ததத்தான் நான் எடுத்துக் குடுத்தேன்.

மேச்சுல ஒரு கோல் அடிச்சான். எடது காலால, தூரத்துல இருந்து. வலது காலு ஊசி போட்ட காலுல்லா. கேலரி இடிஞ்சு விழுத மாதிரி சத்தம். கோச்சு என்னக் கட்டிப் பிடிச்சாரு. ரெண்டாவது பாதியில, ஆரும் அவனத் தொடல்ல, பந்து வந்து, திரும்புனான், அப்படியே விழுந்தான். காலு ஒரு பக்கம், ஒடம்பு ஒரு பக்கம். டாக்டருன்னு கூப்பிடல்ல, அம்மான்னு கூப்பிடல்ல. "தீயோ, தீயோ"ன்னு கூப்பிட்டான். நான் ஓடுனேன். கிரவுண்டுக்க உள்ள, அந்தப் புல்லுல, மேச்சு நடக்கும்போ நான் காலு வச்சது அன்னைக்குத்தான். டிவியில காட்டியிருக்கான். எனக்க தம்பி இங்க இருந்து, "அண்ணா உன்னப் பாத்தோம், கோட்டு எடுப்பா இருந்து"ன்னு போன் பண்ணுனான்.

கப்பு எங்களுக்குத்தான். ஒண்ணுக்குச் சைபர். எனக்கும் ஒரு மெடல் போட்டாங்க. போட்டோ வீட்டுல மாட்டியிருக்கு. அதுல ஜெனில்சன் இல்ல, அவன் அப்பம் ஆம்புலன்சுல.

ரெண்டு தடவ முட்டக் கீறுனாங்க. சரியாவல்ல. ஊரு கிளப்புக்காரன் மொதல்ல தெனமும் போன் பண்ணுனான், பொறவு நிப்பாட்டிட்டான். ஜெனில்சன் அப்புறம் எங்கயும் பந்து ஆடல்ல. இப்பம் அவனுக்க கடக்கரையில எளநீ வெட்டி விக்கானாம். அப்பனுக்க கட்டுமரத்துல ஏறி நிக்க முடியாதாம், முட்டு மடங்காதாம். கேள்விப்பட்டதுதான். பந்தாட்டம்னா அடிபடத்தான் செய்யும், எத்தன பேருக்கு அடிபட்டிருக்கு. எனக்க வருத்தம் அதில்ல. அவன் எனக்குச் செஞ்சதாக்கும் வருத்தம்.

ஆசுவத்திரியில கெடக்கும்போ தெனமும் நான் கறி கொண்டு போனேன். ஒரு நாளு தூக்குச்சட்டியும் கையுமா போறேன், உள்ள டாக்டர் ஹாஜெம் இருக்காரு. பக்கத்துல இன்னொரு பிரேசில்காரன், வேற கிளப்புல ஆடுதவன், ரொம்ப வருசமா அங்கயே கெடக்கதுனால அரபி நல்லாத் தெரியும். டாக்டர் கண்ணு கலங்கி, "ஏம்ப்பா, ஆட்டம் முடிஞ்சிரும்னு சொன்ன பொறவும் ஏன் எறங்குன? உனக்கு அம்புட்டு வெறியா?"ன்னு கேக்காரு. அந்தப் பய அத அப்படியே போர்ச்சுகீசுல ஒப்பிக்கான். ஒண்ணு விடல்ல. தேவையா அது? பொறவு ஜெனில்சன் எப்பம் அப்படிச் சொன்னீங்கன்னு கேக்கான், இவன் அத அரபியில திருப்பிக் கேக்கான், டாக்டர் மறுபடியும் எல்லாத்தையும் ஆதியோட அந்தமா சொல்லுதாரு, இவன் அதையும் ஒப்பிக்கான். நான் வாசல்ல நிக்கேன். ஜெனில்சன் திரும்பி என்னப் பாத்தான். நான் தூக்குச்சட்டிய மேசையில வச்சுட்டு வந்துட்டேன். மறுநாளு போறேன், தொறக்காம அப்படியே இருக்கு. நெய்மீன் தம்பி. சந்தையில விடியக்காலம் போய் நின்னு வாங்குனது.

கடைசியா ஊருக்குப் போற அன்னைக்கு மேனேஜருக்க ரூம்ல எல்லாரையும் கூப்பிட்டு வச்சிருந்தாங்க. அபூ ராஷித், கோச்சு, டாக்டர், கமிட்டிக்காரங்க நாலஞ்சு பேரு. வழியனுப்புதது மரியாதையாட்டு இருக்கணும்லா. கப்பு மேசையில. பூங்கொத்து. ஜெனில்சன் ரெண்டு கக்கத்துலயும் கட்டைய ஊணிக்கிட்டு வந்தான். நான் கோட்டுப் போட்டு அவனுக்குப் பக்கத்துல நிக்கேன். அவன் என்ன வேண்டாம்னு கையால தள்ளிட்டு அவனாவே அரபியில பேசத் தொடங்குனான். அவனுக்கு அரபி தெரியதெல்லாம் பந்து, தண்ணி, நல்லா இருக்கியா, நன்றி, அவ்வளவுதான். "என் காலு... டாக்டர் சொல்லு... நான் தெரியாது... நான் தெரியாது"ன்னு தட்டித் தடவுதான். கேக்கதுக்குப் பாவமா இருந்து. சரியான வார்த்த எனக்க நாக்கு நுனியில நிக்கு. குடுத்தா வாங்கமாட்டான்.

அபூ ராஷித்துக்குப் பொறுமையில்ல. "ததேயு, என்னதான் சொல்ல வாறான்? கேட்டுச் சொல்லு"ன்னாரு.

அப்பம் ஜெனில்சன் என்னப் பாத்துத் திரும்புனான். போர்ச்சுகீசுல, பைய, ஒவ்வொரு வார்த்தையா சொன்னான். "இவங்ககிட்ட சொல்லு. எனக்க கால எடுத்தது பந்து இல்ல. டாக்டரு இல்ல. எனக்கு உன் வாயத் தவிர வேற காது இல்ல, அது தெரிஞ்சே நீ செஞ்ச. இத அரபியில சொல்லு. ஒரு வார்த்த விடாத."

எனக்கிட்டயே சொல்லுதான். நான் எனக்க வாயாலயே சொல்லணுமாம், அம்புட்டுப் பேருக்கு முன்னால, கமிட்டிக்காரன் நிக்கான், டீ கொண்டு வந்த மலையாளிப் பயகூட நிக்கான். உலகத்துல எந்த மனுசனாவது இன்னொரு மனுசன்கிட்ட அப்படிக் கேப்பானா? வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம எனக்க சட்டியில கை நனைச்சவன்.

எல்லாரும் எனக்க வாயப் பாக்காங்க. நான் தொண்டையச் செருமிக்கிட்டு அரபியில சொன்னேன். "இந்தக் கிளப்பயும் இந்த ஊரயும் ஒரு நாளும் மறக்கமாட்டேன், எல்லாருக்கும் ஷுக்ரன்னு சொல்லுதான்." ஷுக்ரன்னா நன்றி.

கமிட்டிக்காரங்க கை தட்டுனாங்க. அபூ ராஷித் எந்திரிச்சு வந்து அவன நெஞ்சோட சேத்துப் பிடிச்சு ரெண்டு கன்னத்துலயும் முத்தினாரு. டாக்டர் ஹாஜெம் மட்டும் தலையக் குனிஞ்சு தரையப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அவரு எப்பமும் அப்படித்தான்.

ஷுக்ரன் ஜெனில்சனுக்குத் தெரிஞ்ச வார்த்தல்லா. அவரு பிடியில நின்னுக்கிட்டே, அவருக்க தோளுக்கு மேல என்னப் பாத்தான். கோவப்படுவான்னு நெனச்சேன். படல்ல. சிரிச்சான். பல்லு தெரிய, கண்ணுல தண்ணி வர, மொளவு கூடுன கறியத் தின்னா எப்படி நிப்பானோ அப்படி நின்னு சிரிச்சான். பொறவு எல்லாருக்கும் கேக்க, "ஷுக்ரன், தீயோ"ன்னு சொல்லிட்டு, கட்டைய ஊணிக்கிட்டு வெளிய போயிட்டான். அதுதான் அவன் என்கிட்ட பேசுன கடைசிப் பேச்சு.

அந்தச் சிரிப்பு தம்பி, அத எனக்கு இன்னைக்கும் பொறுக்க முடியல்ல. ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூட வாங்கியிருப்பேன்.

கதவு சாத்துன பொறவு அபூ ராஷித் பூங்கொத்த ஓரமா நீக்கி வச்சுட்டு, "நல்ல பையன். கடைசி வரைக்கும் மரியாத விடல்ல"ன்னாரு.

ஆமா, நல்ல பையன்னேன். வேற என்னத்தச் சொல்ல?